லேப்டாப்புக்குள் இருக்கும் மோடம் யாருடையது?

2000-களில் வந்த லேப்டாப்களின் ஓரத்தில் பெரும்பாலும் இரண்டு துளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அகலமானது நெட்வொர்க் கேபிளுக்கு, குறுகலானது டெலிபோன் ஒயருக்கு. லினக்ஸ் போட்டவர்களில் பலர் அந்தக் குறுகலான துளையைத் தொடவே இல்லை. "அது லினக்ஸ்ல வேலை செய்யாது" என்று யாரோ சொன்னதோடு விஷயம் முடிந்துவிட்டது. நான் பல வருஷமாகப் பழைய லேப்டாப்களில் லினக்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறேன், அந்தத் துளைக்குப் பின்னால் இருப்பதைக் கிளறிப் பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை. அதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பெரும்பாலான லேப்டாப்களில், டெலிபோன் லைன் வழியாக நெட்டோடு இணைக்கும் மோடம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. செத்துப்போனது டிரைவர், அதாவது மோடத்தை இயக்கும் நிரல். அது எப்போது, எதனால் செத்தது என்பதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிப்பு எண்ணோடு சொல்ல முடியும்.

வீட்டில் ஒரு லேண்ட்லைன், பிஎஸ்என்எல்லின் சஞ்சார்நெட் இணையக் கணக்கு ஒன்று, லினக்ஸ் போட்ட ஒரு லேப்டாப், அவ்வளவுதான் கையில் இருந்த காலம் அது. நெட்டில் நுழைய மோடத்துக்கு டிரைவர் வேண்டும், டிரைவரை எடுக்க நெட்டில் நுழைய வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதே கதை. ப்ரௌசிங் சென்டருக்குப் போய் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்து, இறக்கியதைச் சிடியில் எழுதிக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தது வேறு சிப்புக்கான டிரைவர் என்றால் திரும்பவும் அதே நடை. அதனால் டிரைவரைத் தேடுவதற்கு முன்னால் மோடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலையாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

இதைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு சிக்கல் என்று புரிய, மோடத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அந்தக் காலத்தில் மேசைமேல் வைத்த வெளி மோடத்தில் மூன்று பாகங்கள் உண்டு. 'ஏடி' கட்டளைகளைப் புரிந்துகொண்டு எண்ணைச் சுழற்றுகிற கண்ட்ரோலர் ஒன்று. பிட்டுகளைச் சத்தமாகவும் சத்தத்தைப் பிட்டுகளாகவும் மாற்றும் கணக்கைப் போடுகிற டிஎஸ்பி ஒன்று. கடைசியாக டெலிபோன் லைனோடு ஒட்டி நின்று, லைனில் போகும் சத்தத்தை எண்களாகவும் எண்களைச் சத்தமாகவும் மாற்றும் கோடெக் சிப்பும் அதன் மின் இணைப்புச் சுற்றும். கம்ப்யூட்டருக்கு இது வெறும் சீரியல் போர்ட், அதனால் லினக்ஸுக்கு இதில் ஒரு பிரச்சினையும் கிடையாது.

லேப்டாப்பில் இடமும் குறைவு, விலையையும் குறைக்க வேண்டும். முதலில் கண்ட்ரோலரை எடுத்துவிட்டு அந்த வேலையை விண்டோஸ் டிரைவரிடம் கொடுத்தார்கள். அப்புறம் டிஎஸ்பியையும் எடுத்துவிட்டு முழுக் கணக்கையும் கம்ப்யூட்டரின் சிபியு தலையில் வைத்தார்கள். மிஞ்சியது கோடெக் மட்டும். சிலிக்கான் லேப்ஸ் போன்ற நிறுவனங்கள் லைன் பக்கம் இருந்த டிரான்ஸ்ஃபார்மரையும் ரிலேவையும்கூடச் சிப்புக்குள் அடக்கிவிட்டதால், முழு மோடமும் எம்டிசி என்கிற ஒரு சின்ன அட்டையாகச் சுருங்கிவிட்டது. வின்மோடம் என்பது யு.எஸ். ரோபோடிக்ஸ் தன் தயாரிப்புக்கு வைத்த பெயர், ஆனால் நாளாக ஆக இந்த வகை எல்லாவற்றையும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இதில் மிச்சமான செலவு நியாயமானதுதான், பொறியியலாகவும் அருமையான வேலை. எதிரொலியை நீக்குவது, லைனின் கோணலைச் சரிசெய்வது, 1998-ல் வந்த வி.90 தரத்துக்கான கணக்கு என எல்லாவற்றையும் சிபியு ஒரு நொடிகூடப் பிசகாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் லைன் அறுந்துவிடும். ஆனால் இதனால் மோடத்தின் மூளை முழுவதும் டிரைவருக்குள் போய்விட்டது. டிரைவரை மூடி வைத்துக்கொண்ட நிறுவனம் மோடத்தையே தன் கையில் வைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

சரி, அடையாளம் காணும் வேலைக்கு வருவோம். எல்லோரும் முதலில் அடிக்கும் கமாண்ட், பிசிஐ பாதையில் இருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ. அதில் "இன்டெல் 82801சிஏ ஏசி97 மோடம் கண்ட்ரோலர்" என்று ஒரு வரி வரும், எண்களாகக் கேட்டால் 8086:2486 என்று காட்டும். உடனே "என்னுடையது இன்டெல் மோடம்" என்று முடிவு செய்து இன்டெல் டிரைவரைத் தேடுவார்கள். இன்டெல் பெயரில் டிரைவர்கள் இருந்ததும் உண்மைதான், ஆனால் 536இபி, 537இபி என்ற அந்த டிரைவர்கள் இன்டெலின் சொந்த மோடம் அட்டைகளுக்கானவை. இந்த லேப்டாப்புக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எல்எஸ்பிசிஐ காட்டுவது மதர்போர்டில் பல கருவிகளை இணைக்கும் சவுத்பிரிட்ஜ் சிப்பின் ஒரு பகுதியை. மோடம் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1997-ல் இன்டெல் வகுத்த ஏசி97 தரத்தில், கண்ட்ரோலரிலிருந்து ஐந்தே ஒயர்களில் ஓடும் ஏசி-லிங்க் என்ற இணைப்பின் மறுமுனையில் சவுண்டுக்கு ஒரு கோடெக்கும் மோடத்துக்கு ஒரு கோடெக்கும் உட்காரலாம். அந்த மோடம் கோடெக்கைச் செய்தது கோனெக்ஸன்ட்டாக இருக்கலாம், அகேராக இருக்கலாம், மோட்டோரோலாவாகவோ சிலிக்கான் லேப்ஸாகவோ இருக்கலாம். எல்லாவற்றுக்கும் வெளியே தெரியும் எண் அதே 8086:2486 தான். வியா சிப்செட் என்றால் 1106:3068 என்று வரும், அங்கேயும் இதே நிலைமைதான்.

கோடெக்கிடமே கேட்டால்தான் உண்மை தெரியும். ஏசி97 தரத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது: ஒவ்வொரு கோடெக்கும் தன்னைச் செய்த நிறுவனத்தின் அடையாளத்தை மூன்று ஆங்கில எழுத்துகளாகத் தன் கடைசி இரண்டு ரெஜிஸ்டர்களில் சுமந்துகொண்டிருக்கிறது. லினக்ஸின் சவுண்ட் அமைப்பான ஆல்சாவில் இன்டெல்8எக்ஸ்0எம் என்ற மோடம் மாட்யூலை, அதாவது கெர்னலில் தேவைப்படும்போது சேர்க்கும் துண்டை, ஏற்றினால் அது அந்த எழுத்துகளைப் படித்துவிடும். கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவுக்குள் அசவுண்ட் என்ற கோப்புறையில் எம்சி97 என்று தொடங்கும் ஒரு கோப்பு தோன்றும், அதன் முதல் வரியைப் பாருங்கள். எஸ்ஐஎல் என்ற எழுத்துகளோ சிலிக்கான் லேப்ஸ் என்ற பெயரோ வந்தால் அதிர்ஷ்டக்காரர் நீங்கள். சிஎக்ஸ்டி வந்தால் கோனெக்ஸன்ட், வேறு வழியில் போக வேண்டும். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் டிரைவர் தேடக் கிளம்பவே கூடாது.

2004-க்குப் பிறகு எச்டி ஆடியோ என்ற புதுத் தரம் வந்தது, அப்போது குழப்பம் இன்னும் கூடியது. இந்த லேப்டாப்களில் எல்எஸ்பிசிஐ பட்டியலில் மோடம் என்ற பேச்சே இருக்காது, "ஆடியோ டிவைஸ்" என்று ஒரே வரிதான் வரும். மோடமே இல்லை என்று பலர் நினைத்துவிடுவார்கள், ஆனால் ஓரத்தில் துளை இருக்கிறதே. இங்கே மோடம் சவுண்டின் கூடவே ஒரே இணைப்பில் இரண்டாவது கோடெக்காக இருக்கிறது. அதே அசவுண்ட் கோப்புறையில் முதல் கார்டுக்குள் கோடெக் கோப்புகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், எதிலாவது "மோடம் ஃபங்ஷன் குரூப்" என்று ஒரு வரி இருக்கும். அதே கோப்பில் தயாரிப்பாளர் எண்ணும் இருக்கும். 14எஃப்1 என்று தொடங்கினால் கோனெக்ஸன்ட், 11சி1 என்றால் அகேர், அதாவது பிறகு எல்எஸ்ஐ ஆனது, 1057 என்றால் மோட்டோரோலா, 163சி என்றால் ஸ்மார்ட் லிங்க்.

எல்எஸ்பிசிஐ சொல்வதை அப்படியே நம்பக்கூடிய இடமும் உண்டு. மினி-பிசிஐ அட்டையாக வந்த லூசென்ட் மோடங்கள் நேரடியாகப் பிசிஐ பாதையில் இருப்பதால் 11சி1:0441 போன்ற எண்ணோடு தாங்களே தங்களைச் சொல்லிக்கொள்ளும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் முதலில் பயாஸுக்குள் போய் உள் மோடம் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அணைத்திருந்தால் எந்தக் கமாண்டும் அதைக் காட்டாது. அதுவும் இல்லையென்றால் கீழ்மூடியைக் கழற்றுங்கள். டெலிபோன் துளையிலிருந்து மெல்லிய இரட்டை ஒயர் ஒன்று போகும், அது போய் நிற்கும் சின்ன அட்டைதான் மோடம், மேலே ஸ்டிக்கரில் மாடல் எண் அச்சிட்டிருக்கும். இவை எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்டில் செய்து, கடைசியில் எந்த டிரைவர் பொருந்தும் என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்கும் ஸ்கேன்மோடம் என்ற கருவியைத் தன்னார்வலர்கள் லின்மோடம்ஸ் தளத்தில் வைத்திருந்தார்கள். சம்பளம் வாங்காமல், பல வருஷம், முகம் தெரியாத ஆட்களின் லேப்டாப்புக்காக அவர்கள் செய்த உழைப்பு மிகப் பெரியது.

இனி டிரைவர்கள். லூசென்ட்டின் டிரைவரில், சோர்ஸைக் காட்டாமல் கொடுத்த மூடிய பைனரி ஒரு பாதி, அதைக் கெர்னலோடு ஒட்ட வைக்கும் திறந்த சோர்ஸ் ஒரு பாதி. அகேரின் ஏஜிஆர்எஸ்எம்மும் அதே அமைப்புதான். கோனெக்ஸன்ட் எச்எஸ்எஃப் வகை மோடங்களுக்கு லினக்ஸன்ட் என்ற கனடா நிறுவனம் டிரைவர் கொடுத்தது. இலவசப் பதிப்பில் வேகம் 14.4 கிலோபிட்டோடு நின்றுவிடும், முழு 56-ம் ஃபேக்ஸும் வேண்டுமென்றால் காசு கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். எச்டி ஆடியோ லேப்டாப்களில் அந்த டிரைவரைப் போட, சவுண்ட் டிரைவரையே அவர்கள் மாற்றியமைத்த பதிப்பாக மாற்ற வேண்டியிருந்தது.

இந்த லினக்ஸன்ட் டிரைவரைச் சுற்றி 2004 ஏப்ரலில் ஒரு பெரிய சர்ச்சை எழுந்தது, இந்த விஷயத்தின் வேரே அதில் இருக்கிறது. கெர்னலில் ஏறும் ஒவ்வொரு மாட்யூலும் தன் லைசென்ஸ் என்ன என்று ஒரு வரியில் அறிவிக்க வேண்டும். சோர்ஸைத் திறந்து வைக்கச் சொல்லும் ஜிபிஎல் லைசென்ஸ் இல்லையென்றால் கெர்னல் தன்னைக் கறைபட்டது என்று குறித்துக்கொள்ளும், அப்புறம் பிழை வந்தால் டெவலப்பர்கள் பார்க்க மாட்டார்கள். லினக்ஸன்ட் மாட்யூலில் "ஜிபிஎல்" என்று எழுதி, உடனே ஒரு பூஜ்ய பைட் வைத்து, அதற்குப் பின்னால்தான் ஜிபிஎல் என்ற கோப்புறையில் உள்ள கோப்புகளுக்கு மட்டும் என்ற பொருளில் தொடர்ந்திருந்தார்கள். சி மொழியில் பூஜ்ய பைட்டோடு வாக்கியம் முடிந்துவிடும், ஆகவே கெர்னல் படித்தது "ஜிபிஎல்" மட்டும். எச்சரிக்கைச் செய்தி திரும்பத் திரும்ப வந்து பயனர்களைக் குழப்புகிறது, அதைத் தவிர்க்கத்தான் அப்படிச் செய்தோம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. கெர்னல் டெவலப்பர்களின் கோபம் எனக்கு முழுக்க நியாயமாகப் படுகிறது. தன் சோர்ஸைக் காட்ட மாட்டேன் என்பவர், காட்டுகிறவர்களின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே வரக்கூடாது.

இந்த டிரைவர்கள் ஏன் செத்தன? லினக்ஸ் கெர்னல் தன் உள் இணைப்புகளை நிலையாக வைத்திருப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, தெரிந்தே கொடுக்கவில்லை. உள்ளே ஒன்றை மாற்றினால் கெர்னல் மரத்துக்குள் இருக்கும் டிரைவர்களையும் அவர்களே சேர்த்து மாற்றிவிடுவார்கள். வெளியே இருப்பவை விடுபட்டுப் போகும். 2004-ல் ஃபெடோரா கோர் 2 கெர்னலின் தற்காலிக நினைவிடமான ஸ்டாக்கை 4 கிலோபைட்டாகக் குறைத்தபோதே சில பைனரி டிரைவர்கள் தடுமாறின. 2010-ல் வந்த 2.6.36-ல் நிரல்கள் டிரைவருக்குக் கட்டளை கொடுக்கும் பழைய ஐஆக்டில் வழி போய்விட்டது. 2013-ல் 3.10-ல் ப்ராக் கோப்பு உருவாக்கும் பழைய முறையை எடுத்துவிட்டார்கள். 2018-ல் 4.15-ல் டைமர் தொடங்கும் பழைய முறையும் போனது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒட்டுப்பகுதியைத் திருத்த வேண்டும், கொஞ்ச காலம் திருத்தினார்கள், அப்புறம் டயல்-அப் பயன்படுத்துபவர்களே குறைந்துபோனதால் திருத்த ஆளில்லை. மூடிய பாதியை எவரும் தொடவே முடியாது. 32 பிட்டுக்குக் கட்டிய பைனரியை 64 பிட் கெர்னலுக்குள் ஏற்ற வழியே கிடையாது. கட்டிய நிறுவனங்களும் கைமாறிக்கொண்டே இருந்தன: லூசென்ட்டிலிருந்து அகேர் பிரிந்தது, 2007-ல் அகேர் எல்எஸ்ஐயோடு சேர்ந்தது, 2014-ல் எல்எஸ்ஐயை அவாகோ வாங்கியது. இன்றைக்கு அந்தச் சோர்ஸைக் கேட்க வேண்டுமென்றால் யார் கதவைத் தட்டுவது?

தப்பிப் பிழைத்தது ஸ்மார்ட் லிங்க்கின் எஸ்எல்மோடம். அவர்களும் டிஎஸ்பி கணக்கை மூடித்தான் வைத்திருந்தார்கள், ஆனால் அந்த மூடிய பகுதி கெர்னலுக்கு வெளியே, எஸ்எல்மோடம்டி என்ற சாதாரண நிரலுக்குள் இருக்கிறது. கோடெக்கிலிருந்து சத்த மாதிரிகளை எடுத்துக் கொடுக்கும் வேலையை ஆல்சாவின் திறந்த மாட்யூல்கள் செய்கின்றன. அவை கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் மற்றவற்றோடு சேர்த்துப் பராமரிக்கப்பட்டன. கெர்னல் எவ்வளவு மாறினாலும் வெளியே ஓடும் நிரலை உடைக்கக்கூடாது என்பதில் லினக்ஸ் மிகக் கறாராக இருப்பதால், பழைய 32 பிட் நிரல் 64 பிட் கம்ப்யூட்டரில்கூட, தேவையான 32 பிட் லைப்ரரிகளைப் போட்டுவிட்டால் ஓடுகிறது. லூசென்ட் மோடங்களுக்குப் பின்னாளில் வந்த மார்ஷியன் டிரைவரும் இதே வழியில்தான் போனது: பைனரியை வெளியே எடுத்து, கெர்னலுக்குள் சின்னத் துண்டை மட்டும் விட்டது. சிப்பின் தரமோ நிறுவனத்தின் நல்ல மனசோ இதில் கணக்கே இல்லை, மூடிய துண்டை எங்கே வைத்தார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

எஸ்எல்மோடம்டியை ஓட்டுவது கடினமில்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் இது சுதந்திரமற்ற பிரிவில் எஸ்எல்-மோடம்-டீமன் என்ற பேக்கேஜாக இருந்தது. நாட்டை இந்தியா என்று கொடுத்து, ஆல்சா கார்டு எண்ணைச் சொல்லித் தொடங்கினால் டிடிஒய்எஸ்எல்0 என்று ஒரு போலி சீரியல் போர்ட் உருவாகும், அதற்குப் பிறகு டபிள்யூவிடயல் போன்ற டயல் செய்யும் நிரலுக்கு இது மற்ற மோடம் மாதிரியேதான். டபிள்யூவிடயல் கோப்பில் கேரியர் செக் என்பதை நோ என்று வையுங்கள், இல்லாவிட்டால் போலி போர்ட்டில் கேரியர் தெரியவில்லை என்று தொடங்குவதற்கு முன்னாலேயே நின்றுவிடும். "டயல் டோன் இல்லை" என்று வந்தால் லைனைக் குறை சொல்லாதீர்கள், நம் எக்ஸ்சேஞ்சின் டோன் வேறு, மோடம் எதிர்பார்ப்பது வேறு. ஏடிஎக்ஸ்3 என்று கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றும். ஏடி கட்டளை வழியாக நாட்டைச் சொல்ல வேண்டிய மோடங்களில் இந்தியாவின் குறியீடு 53.

எதையும் நிறுவும் முன்னால் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, ஏசி97 மோடம்களில் எனக்கு எப்போதும் உதவுவது. ஆல்சா மிக்ஸரைத் திறந்து மோடம் கார்டைத் தேர்ந்தெடுத்தால் "ஆஃப்-ஹுக்" என்று ஒரு சுவிட்ச் தெரியும். அதைப் போட்டுவிட்டு உங்கள் லேண்ட்லைனுக்குச் செல்போனிலிருந்து கூப்பிடுங்கள். எங்கேஜ்டு டோன் வந்தால் மோடம் ரிசீவரை எடுத்துவிட்டது என்று பொருள்: கோடெக்கும் லைன் பக்கச் சுற்றும் உயிரோடு இருக்கின்றன, இனி தேவைப்படுவது நிரல் மட்டுமே.

இதெல்லாம் இப்போது எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஏஓஎல் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-ல் நிறுத்திவிட்டது. நம் வீட்டு லேண்ட்லைன்களில் பல இன்று ஃபைபரில் ஓடுகின்றன, குரல் பாக்கெட்டாகப் போகிற அந்த லைனில் மோடம் சத்தம் ஒழுங்காகப் போய்ச் சேருவது சிரமம். ஆனால் ஃபேக்ஸ் இன்னும் இருக்கிறது, டயல்-அப் மோடம் வைத்த பழைய கருவிகளும் இருக்கின்றன. 2021-ல் ஏயான் நிறுவனத்தின் சைபர் லேப்ஸ் குழு டி-மோடம் என்று ஒன்றை வெளியிட்டது. எஸ்எல்மோடம்டியை எடுத்து, கோடெக்குக்குப் பதிலாக எஸ்ஐபி இன்டர்நெட் அழைப்போடு இணைத்துவிட்டார்கள், மோடம் அட்டையே இல்லாமல் அது டயல் செய்கிறது. கெர்னலுக்குள் புதைந்த டிரைவர்களை வைத்து இப்படி ஒன்றை யாராலும் செய்திருக்க முடியாது.

ஆக, இன்றைக்கு ஒரு பழைய லேப்டாப் கைக்கு வந்தால், சிலிக்கான் லேப்ஸ் அல்லது ஸ்மார்ட் லிங்க் கோடெக் என்றால் எஸ்எல்மோடம்டியை முதலில் முயற்சி செய்வேன். லூசென்ட் பிசிஐ என்றால் மார்ஷியன். கோனெக்ஸன்ட், எல்எஸ்ஐ என்றால் அதே ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தனிப் பார்ட்டிஷனில் 2.6 வரிசைக் கெர்னல் கொண்ட 32 பிட் லினக்ஸைப் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை, அதற்கான டிரைவர் கோப்பு கிடைத்தால். வேலை நடந்தால் போதும் என்றால் யு.எஸ். ரோபோடிக்ஸ் 5637 மாதிரி கண்ட்ரோலர் உள்ள யூஎஸ்பி மோடம் வாங்கிவிடுங்கள், கெர்னலில் ஏற்கனவே இருக்கும் சிடிசி-ஏசிஎம் மாட்யூல் அதைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, உங்கள் பழைய சிடிகளில் எச்எஸ்எஃப், ஏஜிஆர்எஸ்எம், எஸ்எல்மோடம் 2.9.11 என்ற பெயர்களில் சுருக்கிய கோப்புகள் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இவற்றில் பலவற்றுக்கு இன்று அதிகாரபூர்வமான இடம் எதுவும் இல்லை, யாராவது எடுத்து வைத்த பிரதிதான் பிரதி.